திருவிழா மேடையிற் சின்ன மாமி

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் திருவிழாக் காலத்து இரவு மூன்று பாகமாகப் பிரியும். சுவாமி வெளிவீதி சுற்றி மீண்டும் இருப்புக்கு வரும் வரை முதற் பாகம். அதன்பின் நாதஸ்வர, தவிற் கச்சேரி. அது இரண்டாம் பாகம். மூன்றாம் பாகம் நள்ளிரவை அடுத்துத் தொடங்கி விடியற்புறம் வரை நீள்வது. முதலிரண்டு பாகங்களுக்கும் உரியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மூன்றாம் பாகத்துக்கு உரியவர் யார் என்பதோ தலைமுறைக்குத் தலைமுறை வழக்காடப்பட்டு வந்திருக்கிறது. நேயர்களே, அந்த வழக்கின் வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயத்தையே இன்று சொல்ல எண்ணுகிறேன். கிற்றார் வாத்தியமும் கேலிப் பேச்சும் கைகோத்துக்கொண்டு அந்த மூன்றாம் பாகத்தைக் கைப்பற்றிய காலம் அது.

நம்மவர் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையன்று. சிரித்ததை எழுதி வைக்கத் தெரியாதவர்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகி என்னும் கணிகையைத் தலைவியாக்கி நட்டுவச் சுப்பையனார் 'கனகி புராணம்' பாடினார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவள் வாயிலிற் காத்துக் கிடந்த கோலத்தைப் புராணத்துக்குரிய கம்பீரத்தோடு பாடியதே அந்நூலின் வேடிக்கை. அதில் இன்று நம் கைக்கு எட்டுவன சில செய்யுள்களே. அதே நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் எழுதிய கண்டனங்கள் யாவும் அச்சிலேறி நிலைத்தன. கோயில்களிற் பொதுமகளிர் நடனம் நிகழ்வதை நாவலர் வன்மையாகக் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம். அவர் கண்டித்த மேடையில் என்ன பாடினார்கள், சபையோர் எதற்குச் சிரித்தார்கள் என்பதை அறியோம். கண்டனம் நூலகத்தில் இருக்கிறது. சிரிப்புக் காற்றோடு போயிற்று.

1950களிலும் 60களிலும் தமிழகத்திலிருந்து வந்த சின்ன மேளக் குழுக்கள் அந்த நள்ளிரவு மேடையில் ஆடின. அவற்றின் மேலும் நாவலர் காலத்துக் கண்டனமே மறுபடி எழுந்தது. இன்னொரு பக்கம் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924-1989) தம் வசந்தகான சபாவோடு ஊரூராகச் சென்று அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய நடித்துச் சனங்களை அழ வைத்தார். அழுது களைத்தவர்களைத் தேற்றுவதற்கு இசை நாடகத்திற் பபூன் ஒருவன் வருவான். அவன் பேசியதும் பாடியதும் அன்றன்று அவன் வாயில் வந்தவை. அவையும் எழுத்தில் இல்லை.

இவ்விடத்தில் வானொலியின் பங்கையும் சொல்லல் வேண்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ஆம் ஆண்டு வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழுக்கு நாடக நூலில் ஓர் இருக்கை கொடுத்தது. அந்தப் பேச்சைச் சானா என்று யாவரும் அறிந்த எஸ். சண்முகநாதன் 'இலண்டன் கந்தையா' போன்ற தொடர்களால் வீட்டுக்கு வீடு கேட்கச் செய்தார். தன் வீட்டு விறாந்தையிற் பேசுவது போலவே வானொலிப் பெட்டிக்குள் ஒருவர் பேசுவதைக் கேட்டபோது யாழ்ப்பாணத்தான் முதலில் வெட்கப்பட்டான், பின்பு சிரித்தான், அதன் பின்பே பெருமைப்பட்டான். 1960களின் தொடக்கத்திற் பேச்சு வழக்கில் எழுதப்பட்ட சிறுகதைகளை 'இழிசனர் வழக்கு' என்று சில பண்டிதர்கள் ஒதுக்கியதும், அதற்கு எழுந்த மறுப்பும் நம் இலக்கிய வரலாற்றிற் பதிவாகியுள்ளன. பேச்சுத் தமிழ் நாடகத்தில் ஏறிவிட்டது, கதையிலும் ஏறிவிட்டது. பாட்டில் மட்டும் ஏறவில்லை. பாட்டென்றால் கர்நாடக சங்கீதம். அன்றேல் சினிமாப் பாட்டு. நம் மெல்லிசைக் குழுக்களிற் பல சினிமாப் பாட்டை அச்சொட்டாகப் பாடுவதையே திறமையெனக் கொண்டிருந்தன.

1960களின் பிற்பகுதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்னும் இளைஞர் இந்த வேலியை வெட்டினார். அவர் 'சின்ன மாமியே' என்ற பாட்டோடு வந்தார். பாட்டின் பொருளைச் சொன்னால் அதில் ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஒரு மருமகன் மாமியிடம் அவளுடைய இளைய மகள் எங்கே என்று விசாரிக்கிறான்; மாமி மறுமொழி சொல்கிறாள். அவ்வளவே. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் அத்தனை கணக்கும் அதில் அடங்கியிருந்தது. முறைப்பெண்ணின் மேல் மருமகனுக்குள்ள உரிமை, மகளைப் படிப்பிக்கிறேன் என்று மாமிக்குள்ள பெருமிதம், அந்தப் பெருமிதத்துக்கும் இந்த உரிமைக்கும் இடையே முற்றத்தில் நடக்கும் மெல்லிய போர் ஆகிய யாவற்றையும் ஒரு கிற்றாரின் துள்ளலோடு சொல்லிவிட்டார். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற பாட்டும் அத்தகையதே. அதிலே குடியின் கேட்டைப் பிரசங்கிக்கும் குரல் இல்லை. பழகிய மனிதன் ஒருவனைக் காலைப் பிடித்துத் தடுக்கும் குரல் இருந்தது. அதனாற்போலும், குடிப்பவர்களே அதை உரத்துப் பாடினார்கள்.

நித்தி பாடியது பைலா என்னும் இசையின் அடவில். இது நம்முடையதன்று, சிங்களவருடையது என்று அன்று சிலர் முகஞ் சுளித்தனர். சிங்களவருக்கும் அது இரவற் பொருளே. ஆடுதல் என்னும் பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல்லின் வழியாக வந்தது பைலா. புத்தளத்தையடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களும், மட்டக்களப்புப் பறங்கியரும் அத்தாளத்தைக் காத்து வைத்திருந்தனர்; 1940களில் வோலி பஸ்ரியன் அதனைக் கொழும்பு மேடைக்குரியதாக்கினார்; 1960களின் நடுவில் கிளரன்ஸ் விஜேவர்த்தனாவின் மூன்ஸ்டோன்ஸ் குழுவினர் மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டிற் புகுத்தினர். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619இற் கைப்பற்றி 1658இல் ஒல்லாந்தருக்குப் பறிகொடுத்தனர். அந்த நாற்பதாண்டில் அவர்கள் கோயில்களை இடித்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மொழியிலிருந்து வந்த கதிரையில் இருந்து, அலுமாரியைத் திறந்து, குசினிக்குட் சென்று, பாண் உண்டு, சப்பாத்து அணிந்து விறாந்தைக்கு வருகிற நாம், தாளம் ஒன்று மட்டும் அந்நியமென்று வாயிலில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? கள்ளுத் தவறணை என்ற சொல்லே அவர்கள் தந்ததுதான். கர்நாடக சங்கீதத்தில் வயலினும் இசை நாடகத்தில் ஆர்மோனியமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அந்தச் சபை அமைதியாகிவிடும். மேலும், பைலாவின் ஆறடித் துள்ளல் நம் செவிக்குப் புதியதுமன்று. திஸ்ர நடையைத் தவிலிற் கேட்டு வளர்ந்த ஊர் இது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) வாழ்ந்த மண்ணில் மூன்றின் கணக்கை எவரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்பாட்டு மரபு செழித்ததற்குப் பாடகரின் திறமை மட்டும் காரணமன்று. வெங்காயமும் மிளகாயும் ஒரு காரணம். 1970 தொடக்கம் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாட்டின் பல பாகங்களிற் சனங்கள் பாணுக்கு வரிசையில் நின்ற அக்காலத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தவன் கையிற் காசு புழங்கிற்று. அந்தக் காசிற் கல்வீடு எழுந்தது, நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, கோயில் உபயமும் பெருத்தது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படவே, உள்நாட்டு எழுத்துக்கும் பாட்டுக்கும் ஒரு சந்தை திறந்தது. திருகோணமலையிற் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் காதற் பாட்டுகளால் இளைஞர் மனத்தைக் கவர்ந்தனர். ஏ. ஈ. மனோகரன் தமிழும் சிங்களமும் கலந்து 'சுராங்கனி' பாடினார். அப்பாட்டு 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. சினிமாப் பாட்டைப் பிரதி செய்தே பழகிய நமக்கு, சினிமா நம்மிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டது என்பது பெரிய செய்தியாயிருந்தது. மனோகரன் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) படத்திலும் நடித்தார். 2018இற் சென்னையிற் காலமானார்.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. 1962இல் இலண்டனில் ஓவியக் கலை மாணவர் சிலர் பொன்சோ டோக் என்ற பெயரில் ஒரு வாத்தியக் குழு தொடங்கி, மறக்கப்பட்ட 1920களின் வேடிக்கைப் பாட்டுகளைத் தேடியெடுத்து, கரண்டியையும் வாத்தியமாக்கி, தங்கள் நாட்டாரின் மிடுக்கைத் தாங்களே கேலி செய்தனர். பீற்றில்ஸ் குழுவினரின் பேரிரைச்சலுக்கு நடுவே அந்தக் கேலிக்கும் செவி கொடுத்தவர் இருந்தனர். நம் ஊர் இளைஞர்கள் அவர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் ஊர்ப் பெரியவர்கள் மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்திற்றான் இத்தகைய விளையாட்டு முளைக்கும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

இனி நான் கண்ட ஓர் இரவைச் சொல்கிறேன். 1978ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. வலிகாமத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிற் பூங்காவனத் திருவிழா. பெரிய மேளம் முடிய நடுச்சாமம் கடந்துவிட்டது. பாயிலே உறங்கிப்போன என்னை என் பெரியம்மா தட்டி எழுப்பினார். மேடையில் ஐந்து இளைஞர்கள். பெயர்பெற்ற குழுவன்று, அயலூர்ப் பிள்ளைகள். ஒருவர் கூட்டுறவுச் சங்கக் கடையிற் கணக்கு எழுதுபவர், ஒருவர் மோட்டார் திருத்துபவர். இரண்டு கிற்றார்களுள் ஒன்று பலா மரத்தில் ஊர்த் தச்சன் செய்தது. ஓர் அக்கோடியன், ஒரு பொங்கோ, இவற்றோடு ஒரு தேங்காய்த் திருவலை! அந்தத் திருவலையை ஒருவர் முழங்காலுக்கிடையிற் செருகிக்கொண்டு, அதன் பல்லிற் கரண்டியை உரசித் தாளம் எழுப்பினார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த முதற் சிரிப்பு அதற்குத்தான். தங்கள் குசினிப் பொருள் மேடை ஏறியதைக் கண்ட சிரிப்பு அது.

'சின்ன மாமியே' தொடங்கியதும் மெலிந்த இளைஞர் ஒருவர் சேலை உடுத்து, தும்புத்தடியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு மாமியாக வந்தார். அவர் பேசவில்லை. மருமகன் ஒவ்வொரு அடி பாடும்போதும் ஒரு அடி தூரம் கூட்டிக்கொண்டு போனார். அவன் பாட்டு உருக உருக இவர் கூட்டும் வேகம் மிகுந்தது. முடிவில் அவனையும் சேர்த்துக் கூட்டி மேடையின் ஓரத்திலே தள்ளிவிட்டார். என் பெரியம்மா கண்ணீர் வரச் சிரித்தார். ஊரில் அவருக்கும் ஒரு மருமகன் இருந்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

மூன்றாவதோ நான்காவதோ பாட்டின் நடுவே மின் இயந்திரம் இருமியது, பின்பு நின்றுவிட்டது. வெளிச்சம் போயிற்று, ஒலிபெருக்கி ஊமையாயிற்று, மின் கிற்றார் இரண்டும் வெறும் பலகையாயின. கோயில் வாயிலில் எரிந்த விளக்கு மட்டும் மிச்சம். சனங்கள் எழத் தொடங்கினார்கள். அந்த இருளிலே ஒரு குரல் ஒப்பாரி வைத்தது. இறந்துபோன இயந்திரத்துக்கு ஒப்பாரி! அது பிறந்த நாட்டைச் சொல்லி, தோட்டத்துக்கு நீரிறைத்த பெருமையைச் சொல்லி, கடைசியில் டீசலுக்கென்று வாங்கிய காசில் எவ்வளவு டீசலாயிற்று என்று உபயகாரரிடம் கணக்குக் கேட்கும் இடத்துக்கு அந்த ஒப்பாரி வந்து சேர்ந்தது. உபயகாரர் முன்வரிசையில் இருந்தார். ஒரு கணம் எவரும் மூச்சு விடவில்லை. முதலிற் சிரித்தவர் அவர்தான். அதன்பின் முதிய பெண்கள் தாங்களாகவே ஒப்பாரியின் ஈற்றடியை வாங்கிப் பாடத் தொடங்கினார்கள். செத்த வீட்டிற் பழகிய குரல்கள் அல்லவா, இருளிலே அவை எழுந்தபோது சிரிப்புக்கிடையிலும் எனக்கு மயிர் சிலிர்த்தது. பெரிய மேளத்தோடு வந்து, பேருந்துக்காகக் கோயில் மடத்திற் படுத்திருந்த தவிற்காரப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். அவனுக்குப் பதினாறு வயதிருக்கும். மேடைக்குக் கீழே நின்றபடியே தவிலைத் தோளில் மாட்டி அந்த ஆறடித் துள்ளலைப் பிடித்தான். அக்கோடியன் சேர்ந்தது, திருவலை சேர்ந்தது. ஒலிபெருக்கியே இல்லாமல் அரை மணி நேரம் அந்த வீதி முழுவதும் பாடிற்று. வெளிச்சம் மீண்டு வந்தபோது, ஏன் வந்தது என்று இருந்தது.

மறுநாள் அந்தப் பையனுக்கு அவனுடைய குருவிடம் அடி விழுந்ததாகக் கேள்வி. எங்கள் பாடசாலையில் தமிழாசிரியர் ஒருவர், கோயில் வீதி தவறணையாகிவிட்டது என்று வகுப்பிற் பேசினார். அவர் சொன்னதே சரியென்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எவ்வளவுக்கென்றால், உப அதிபராயிருந்த காலத்திற் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலிலிருந்து இதே 'சின்ன மாமியே'யைச் சிவப்பு மையால் வெட்டியவன் நான். அதற்குப் பதிலாக மாணவர்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் தோன்றவில்லை! இழிவென்று நான் கருதியது தாளத்தையா, கேலியையா, அல்லது என் பெரியம்மாவின் பேச்சையா என்று இப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

அந்த இரவுகள் நீடிக்கவில்லை. 1981இல் நூலகம் எரிந்தது. 1983இல் நாடே எரிந்தது. நள்ளிரவு என்பது வீட்டைவிட்டு வெளியே நிற்கத் தகாத நேரமாயிற்று. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்னிலே வானொலியும் ஒலிப்பேழையும் கேட்டோம். சுற்றுகிற கை சோர்ந்தால் பாட்டு இழுபடும். அது கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். 1995 ஐப்பசியின் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, எவரும் ஒலிப்பேழைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். அவருடைய பாட்டு அவரைவிட அதிகம் பிரயாணம் செய்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் திருமண மண்டபங்களில் அதற்கு ஆடாத கால்கள் குறைவு. இசைத்தட்டில் ஏறிய பாட்டுகள் அவ்வாறு பிழைத்துக்கொண்டன. ஊருக்கு ஒன்றாக இருந்த கோஷ்டிகளின் சொந்தப் பாட்டுகள் என்ன ஆயின? அவர்கள் உபயகாரரையும் விதானையாரையும் வாத்தியாரையும் வைத்துக் கட்டிய கேலிகள் எங்கே? கனகி புராணத்துக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்ந்தது. சில செய்யுள்கூட எஞ்சவில்லை.

எங்கள் ஊர் இரவைப் பதிவு செய்த ஒலிப்பேழை ஒன்று இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் அறிந்தேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவரின் மகன் கனடாவில் வாழ்கிறார். தந்தையாரின் பெட்டியில் அதைக் கண்டெடுத்துப் பிரதி செய்து எனக்கு அனுப்பி வைத்தார். வீட்டில் எல்லோரையும் இருத்தி அதைப் போட்டேன். கூட்டத்தின் இரைச்சல், கடலைக்காரி கூவுவது, பலா மரக் கிற்றார், கரண்டி உரசும் திருவலை, மாமி கூட்டிக்கொண்டு போகும் இடத்திற் சிரிப்பலை, யாவும் தெளிவாக இருந்தன. நாலாம் பாட்டு நடக்கையில் இயந்திரம் இருமுவதும் கேட்டது. பின்பு பாட்டுக் கீச்சிட்டு, விரைந்து, நின்றது. அதற்கு மேல் நாடாவில் ஒன்றுமில்லை. பதிவுக் கருவியும் அதே மின்னிற்றான் ஓடியிருக்கிறது.